ஜெசிந்தா அளந்த படகு

எங்கள் தொழிற்சாலையில் வேலைக்குள் நுழையும்போது கைபேசியை வாசலில் இருக்கும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். அதனால் என் மனைவி விழுந்த செய்தி எனக்கு நேராக வரவில்லை. காவலாளி கொதிகலன் பக்கம் ஓடிவந்து, "வேலு சார், உங்க ஊட்லேர்ந்து ஆபீஸ் போன்ல கூப்டுறாங்க" என்றார். போய் எடுத்தேன். பேசியவர் வீட்டார் இல்லை. என் மனைவி அனுப்பும் பெட்டிகளை எடுத்துப்போக வாரம்தோறும் வரும் கூரியர்காரர் ரமேஷ் அண்ணன்.

"வேலு, டென்ஷன் ஆவாத. தங்கச்சி கீழ வுழுந்துடுச்சி. பேச்சு இல்ல. ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டோம். செஞ்சியில பாத்துட்டு விழுப்புரம் கொண்டும்போங்கன்னுட்டாங்க. நீ நேரா அங்க வந்துடு."

"இன்னா ஆச்சுண்ணே?"

"தெர்லப்பா. பொட்டிக்கு டேப் ஒட்டிக்கினு எங்கிட்ட பேசிக்கினுதான் இருந்திச்சி. தலையப் புடிச்சிச்சி. அவ்ளோதான்."

நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஒரு இளம் மருத்துவர் என்னைத் தனியே கூப்பிட்டு, மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார். பிறவியிலிருந்தே அந்த இடத்தில் குழாயின் சுவர் மெலிசாக இருந்திருக்கும், முன்கூட்டித் தெரிய வழியில்லை என்றார். திண்டிவனத்துக்குப் பக்கத்துத் தொழிற்சாலையில் என் வேலையே அதுதான். நீராவிக் குழாய்களின் மேல் கருவியை வைத்துச் சுவரின் தடிப்பை அளப்பேன். எங்கே மெலிகிறதோ அங்கே வெடிக்குமுன் மாற்றச் சொல்வேன். இரும்புக் குழாய்க்கு அந்த மரியாதை உண்டு. மருத்துவர் சொன்னது எனக்கு ஒரே தடவையில் புரிந்தது. புரியாமல் இருந்திருந்தால் கொஞ்ச நேரம் அவரோடு சண்டை போட்டிருக்கலாம்.

செவிலியர் அவளுடைய வளையலையும் கைபேசியையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார். பைக்குள் கைபேசி ஒலித்தது. எடுத்துப் பார்த்தேன். "மேடம், உங்கள் படகை ஒட்டி முடித்தேன். வலது பக்கம் புடைத்துக்கொண்டு இருக்கிறது. தயாரிப்பில் கோளாறா? மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்" என்று ஒருவர் அனுப்பியிருந்தார்.

அவருக்கான பதில் இந்தக் கட்டுரையில் இருக்கிறது.

மரக்கப்பல் மாதிரிகள் கட்டும் நம் குழுவினரில் பலருக்கு ஜெசிந்தா ஒரு பெயர் மட்டுமே. பெட்டியின் மூடியில் ஒட்டிய சின்னத் தாளில் இருந்த பெயர். மற்றவர்களுக்கு அதுவும் தெரியாது. அவர்களுக்காகச் சொல்கிறேன். மெல்லிய ஒட்டுப்பலகையில் வெட்டிய துண்டுகளையும், பலகைச் சீவல்களையும், நூலையும், செய்முறைத் தாளையும் ஒரு பெட்டியில் போட்டுத் தருவோம். வாங்குகிறவர் வீட்டில் உட்கார்ந்து ஒட்டி ஒட்டி ஒரு கப்பலைக் கட்டி முடிப்பார். அப்படிப்பட்ட பெட்டிகளைச் செஞ்சியில், திருவண்ணாமலை சாலைக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டின் முன்னறையில் இருந்து, என் மனைவி கொஞ்சம் கொஞ்சமாகத் தயாரித்து அனுப்பிக்கொண்டிருந்தாள். இரங்கல் கட்டுரையில் 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. அப்படி எழுதிப் பார்த்தேன். அடுத்த தெருவில் யாரோ இறந்துபோனது போல இருந்தது. அடித்துவிட்டேன்.

குழுவில் வந்த இரங்கல் செய்திகளில் அவளைச் சாந்தமானவள் என்று எழுதியிருந்தீர்கள். அவள் ஒரு நாளும் சாந்தமாக இருந்ததில்லை. நான் அவளை முதலில் பார்த்ததே அவள் கத்திக்கொண்டிருந்தபோதுதான். டிப்ளமோ முடித்துவிட்டு, திண்டிவனத்தில் லேசரில் பெயர்ப்பலகை வெட்டும் கடை ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். அவள் செஞ்சியில் ஒரு நில அளவையாளரிடம் வரைபடம் போடும் வேலையில் இருந்தாள். மனைப்பிரிவு ஒன்றின் மாதிரிக்காகச் சின்னச் சுவர்களை வெட்டிக்கொண்டு போனவள், அடுத்த நாளே திரும்பி வந்து எல்லாவற்றையும் மேசையில் கொட்டினாள்.

"எல்லாமே மயிரிழை கம்மியா இருக்குது. உங்க மிஷின் தின்ன மரத்தை யாரு குடுப்பா?"

லேசர் கதிர் வெட்டும்போது ஒரு மெல்லிய கோடு எரிந்து போகும். அந்த அகலத்தைச் சேர்த்துத்தான் வரைய வேண்டும். கடையில் ஒருவரும் அதைச் சேர்ப்பதில்லை. பெயர்ப்பலகைக்கு அது தேவையும் இல்லை. நான் அவளுக்கு மறுபடி வெட்டிக் கொடுத்தேன். அவள் ஒவ்வொரு துண்டையும் அளந்து பார்த்துவிட்டு, "இப்ப சரி" என்றாள். நன்றி சொல்லவில்லை.

அவள் மண்டகப்பட்டுப் பக்கம் ஒரு கத்தோலிக்கக் கிராமத்தில் பிறந்தவள். அவர்களுக்குக் கரும்பும் நெல்லும் போடும் நிலம் இருந்தது. என் வீட்டில் எந்தத் தலைமுறையிலும் நிலம் இருந்ததில்லை. நாங்கள் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டோம். நைனா என்று அவள் கூப்பிடும் அவளுடைய அப்பா வரவில்லை. மதம் வேறு என்பதால் வரவில்லை என்று சொல்லி அனுப்பினார். மதம் மட்டும் காரணம் இல்லை என்பது அவருடைய ஊருக்கும் தெரியும், எங்கள் தெருவுக்கும் தெரியும்.

கப்பல் எப்படி வந்தது என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். புதுச்சேரியில் பழைய சாமான் கடை ஒன்றில் வெளிநாட்டுக் கப்பல் பெட்டி ஒன்று கிடைத்தது. செய்முறைத் தாள் இல்லை. பாதித் துண்டுகளுக்குப் பெயரும் இல்லை. அதை அவள் ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து கட்டினாள். முடித்ததும், "இத விட நல்லா நாமளே போடலாம் வேலு" என்றாள். சம்பளத்தைச் சேர்த்து ஒரு பழைய லேசர் வெட்டும் இயந்திரம் வாங்கி முன்னறையில் வைத்தோம். கட்டில் பின்னறைக்குப் போயிற்று.

ஊரில் எல்லாருக்கும் வேடிக்கை. வீட்டுக்காரர் வாடகை கேட்க வரும்போதெல்லாம் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார்.

"இன்னாம்மா, எந்தக் கடல்ல வுடப் போற? சங்கராபரணியிலயா? அதுல முட்டி அளவுக்குத் தண்ணி வந்தாலே பொங்கல் வெக்கிறோம்."

"ஷோகேஸ்ல வுடுவாங்க சார். அங்க தண்ணி வேணாம்."

"நம்மூரு கோட்டைய செய்யலாம்ல? டூரிஸ்ட் வாங்குவான்."

"ஜன்னலத் தொறந்தா கோட்டதான் தெரியுது. அத எதுக்கு நான் வேற செய்யணும்?"

பெட்டி ஒன்றை வெளியே விடுமுன் அவள் வைத்திருந்த வழக்கம் ஒன்று உண்டு. என் அம்மா அதைக் கட்டி முடிக்க வேண்டும். அம்மா எட்டாவது வரை படித்தவர். பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்தில் நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வந்து, கை கால் கழுவிக்கொண்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்காருவார். ஜெசிந்தா எதிரில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பார்ப்பாள். அம்மா எங்கே தடுமாறுகிறாரோ அங்கே தாளில் வரி தப்பு. அதுதான் கணக்கு. ஆனால் வாயைத் திறக்காமல் இருப்பது இருவருக்குமே ஆகாது.

"இன்னாடி இது, கருவாட்டு முள்ளாட்டம் இருக்குது."

"அதுக்கு மேலதான் பலகை வரும் அத்தை. அடுத்த வரியப் படிங்க."

"'பலகையை வெந்நீரில் ஊற வைக்கவும்.' எவ்ளோ நேரம்னு போடலியே? சோறு வேகற நேரமா, பருப்பு வேகற நேரமா?"

ஜெசிந்தா அந்த வரியை அங்கேயே அடித்துவிட்டு, 'பருப்பு வேகும் நேரம் ஊற வைக்கவும்' என்று எழுதினாள். வெளியூரிலிருந்து ஒருவர், எந்தப் பருப்பு என்று கேட்டு எழுதினார். துவரம்பருப்பு, குக்கரில் இல்லை, சட்டியில் என்று பதில் போட்டாள். உங்களில் பலர் அந்த வரியைப் படித்துச் சிரித்திருக்கிறீர்கள். பலகை ஒன்றுகூட உடையவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

சின்ன வள்ளங்கள், ஒரு பழைய பாய்மரக் கப்பல் எல்லாம் வந்த பிறகு, இப்போது கடலில் ஓடுகிற ஒரு படகைச் செய்ய வேண்டும் என்று அவளுக்குப் பிடித்துக்கொண்டது. படத்தைப் பார்த்து வரைய மாட்டேன் என்றாள். கடலூர் துறைமுகத்தில் பழுது பார்க்கக் கரையேற்றியிருந்த ஒரு மர விசைப்படகைப் பிடித்தோம். நான் விடுமுறை கிடைத்தபோதெல்லாம் அவளை வண்டியில் உட்காரவைத்துக் கொண்டுபோனேன். அளவு நாடா, தூக்குக் குண்டு, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய் எல்லாம் அவள் மடியில்.

படகுக்காரர் முதல் நாளே வம்புக்கு வந்தார்.

"இன்னாம்மா, டேப்ப வெச்சிக்கினு சுத்திச் சுத்தி வர்ற? படகுக்கு சட்டை தைக்கப் போறியா?"

"ஆமாண்ணே. முழுக்கையா, அரைக்கையா?"

அதற்குப் பிறகு அவர் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுக்கும் ஆளாகிவிட்டார்.

இடது பக்கத்தை அளந்து முடித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெயில் மண்டையைப் பிளந்தது. நான் நாடாவைச் சுருட்டினேன்.

"போதும் ஜெசி. மறுபக்கத்த கம்ப்யூட்டர்ல திருப்பிப் போட்டுக்கலாம்."

"ஏன்?"

"படகுன்னா ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். உலகத்துல எல்லாக் கப்பல் வரைபடமும் பாதிதான் போடுவாங்க."

"வேலு, மனை அளக்கறப்ப வடக்கு எல்லை முப்பது அடின்னா தெற்கும் முப்பதுதான்னு எழுதிட்டு வந்தேன்னு வெய்யி, சர்வேயர் என்ன அன்னிக்கே தொரத்திடுவாரு. அந்தப் பக்கம் போயி அளந்தாத்தான் தெரியும். முனையப் புடி."

என் அம்மாவுக்கு முன்னால் மட்டும்தான் எனக்கு 'நீங்க.' மற்ற நேரத்தில் இப்படித்தான்.

அளந்தோம். வலது பக்கம் நடுவில் நாலு விரல் அகலம் கூடுதலாகப் புடைத்திருந்தது. அவள் நம்பாமல் மறுபடி அளக்கச் சொன்னாள். மறுபடியும் அதே அளவு. படகுக்காரர் வந்து பார்த்துச் சிரித்தார். புயல் ஒன்றில் அந்தப் பக்கம் துறைமுகச் சுவரில் மோதி நொறுங்கிவிட்டதாம். வங்கு என்று அவர்கள் சொல்லும் விலா மரங்களை அந்தப் பக்கத்துக்கு மட்டும் புதிதாகப் போட்டார்களாம்.

"ஆசாரி கொஞ்சம் தாராளமாப் போட்டுட்டாரு. இப்ப எங்க மச்சான் வயிறாட்டம் ஒரு பக்கமா தள்ளிக்கினு நிக்குது."

"ஓட்டறப்ப இழுக்காதாண்ணே?"

"இழுக்கும். சுக்கான கொஞ்சம் திருப்பிப் புடிச்சிக்கினே போவணும். பழகிப்போச்சி. நீ செய்யறப்ப நேராக்கிடும்மா. பொம்மையிலயாவது அழகா இருக்கட்டும்."

"நேராக்கிட்டா அது உங்க படகு இல்லியேண்ணே."

"அது சரி" என்று சொல்லிவிட்டு அவர் டீ சொல்லப் போய்விட்டார்.

வழக்கமாக விலா ஒவ்வொன்றும் இரண்டு பக்கமும் சேர்ந்த ஒரே துண்டாக வரும். இந்தப் படகுக்கு அவள் அதை மாற்றினாள். நடுவில் ஓடும் முதுகுப் பலகையில் இடது விலாக்களைத் தனியாகவும் வலது விலாக்களைத் தனியாகவும் பொருத்துவது போல வரைந்தாள். இடது துண்டுகளில் 'இ' என்றும் வலது துண்டுகளில் 'வ' என்றும் பொறித்தாள். வேலை இரண்டு மடங்கு. செய்முறைத் தாளில், விலாக்கள் முடியும் இடத்தில், இப்படி ஒரு வரி எழுதினாள்: 'இந்தப் படகின் இரண்டு பக்கமும் ஒன்று இல்லை. வலது பக்கம் அகலமாகத்தான் வரும். நீங்கள் தப்பாக ஒட்டவில்லை.'

அந்த வரியை யாரும் படிக்கவில்லை. படித்தவர்களும் நம்பவில்லை. பெட்டி வெளியான நாளிலிருந்து நம் குழுவில் என்னவெல்லாம் எழுதினீர்கள் என்பதை நான் திரும்ப எடுத்துப் போடப் போவதில்லை. உங்களுக்கே தெரியும். லேசர் கோணல் என்றார்கள். ஒட்டுப்பலகை ஈரம் என்றார்கள். பொம்பளை போட்ட கணக்கு என்று ஒருவர் எழுதி, அதற்குப் பன்னிரண்டு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். படத்தைப் போட்டுக் காட்டினாள். அளவுகளைப் போட்டாள். படகுக்காரரை நிற்க வைத்து எடுத்த படத்தையும் போட்டாள். ஒரு பெரியவர் வலது பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து இடது பக்கத்துக்குச் சமமாக்கி, 'திருத்திவிட்டேன்' என்று படம் அனுப்பினார். அவள் அவருக்கு எழுதிய பதில் இது: "கைவேலை ரொம்ப நல்லா இருக்கு சார். ஆனா இப்படி ஒரு படகு கடலூர்ல இல்ல."

எங்கள் பெட்டிகளைச் சென்னையில் விற்றுக்கொண்டிருந்த கடைக்காரர் அந்த ஒரு பெட்டியை மட்டும் திருப்பி அனுப்பினார். இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கித் தந்தால் எடுக்கிறேன் என்றார். நான் எடுத்த போனை அவள் பிடுங்கி, "சார், உங்க மூஞ்சிய பாதி போட்டோ எடுத்து மீதியத் திருப்பி ஒட்டிப் பாருங்க. உங்க ஊட்டுக்காரம்மாவுக்கே அடையாளம் தெரியாது" என்றாள். அதன் பிறகு அவர் அவளோடு பேசவில்லை. அவள் இறக்கும் வரை பேசவில்லை.

அவளை அவளுடைய ஊர்க் கல்லறையில் அடக்கம் செய்தோம். பங்குச் சாமியார் நல்ல மனிதர், ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் மற்றவர்கள். "புள்ள குட்டி இல்லாததும் ஒரு வகையில நல்லதாப் போச்சி" என்று என் காது கேட்கவே சொன்னார்கள். அவளுடைய நைனா எனக்கு எதிரில் நின்று மண் போட்டார். என்னைப் பார்க்கவில்லை. கிளம்பும்போது என் அம்மாவிடம் வந்து, "அது கோவக்காரப் பொண்ணு. உங்க ஊட்ல எப்பிடி இருந்திச்சி?" என்று கேட்டார். "கோவமாத்தான் இருந்திச்சி. நல்லா இருந்திச்சி" என்றார் அம்மா. அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நடந்து போய்விட்டார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் அவளைப் பற்றிக் கேட்ட ஒரே கேள்வி அது. பதில் கேட்க அவள் இல்லை.

முப்பதாம் நாள் பூசை வருமுன்பே சென்னைக் கடைக்காரர் வந்தார். காரில், பெரிய ரோஜா மாலையோடு வந்தார். படத்துக்கு மாலை போட்டுக் கும்பிட்டார். அம்மா காபி கொடுத்தார்.

"மேடத்துக்கு நாம ஒரு மரியாதை செய்யணும் சார். அந்தக் கடலூர் போட்டை ஒரு நினைவுப் பதிப்பாப் போடலாம். மூடியில மேடம் படம். உள்ள நீங்க ஒரு பக்கம் எழுதித் தாங்க, அவங்களைப் பத்தி, உருக்கமா."

அந்த நாட்களில் எனக்குப் பேச்சு மெதுவாகத்தான் வந்தது.

"ஒரே ஒரு விஷயம் சார். அந்த வலது பக்கம். அத மட்டும் சரி பண்ணிடலாம். ஒரு நிமிஷ வேலைதானே? இடது பக்கத்தை எடுத்துத் திருப்பிப் போட்டா முடிஞ்சுது. உங்களுக்குத் தெரியாததா? ஃபைலை மட்டும் குடுங்க, எங்காளுங்களே பண்ணிடுவாங்க."

அவர் சொன்னது உண்மைதான். கணினியில் அது ஒரு நிமிட வேலைகூட இல்லை. இரண்டு பொத்தான். அவள் அந்த வெயிலில் முட்டி போட்டுத் தூக்குக் குண்டைப் பிடித்துக்கொண்டிருந்ததை எடுத்துவிட இரண்டு பொத்தான் போதும்.

"அது தப்பு இல்ல சார். படகு அப்பிடித்தான் இருக்குது" என்றேன்.

"நமக்குத் தெரியும் சார். வாங்கறவனுக்குத் தெரியாதே? மேடம் பேர்ல ஒரு கோணல் போட் போனா மேடத்துக்குத்தானே கெட்ட பேரு? போனவங்க பேரு நல்லபடியா நிக்கணும்னுதான் சொல்றேன்."

அம்மா உள்ளேயிருந்து வந்து காபி டம்ளரை எடுத்தார். அதில் இன்னும் பாதி இருந்தது.

"ஏம்ப்பா, அவ இருந்தப்ப அந்தப் படகு கோணல்னு திருப்பி அனுப்பிச்சியே. இப்ப அவ மூஞ்சிய மேல ஒட்டி, படகத் தூக்கிப் போட்டுட்டு வேற படக உள்ள வெப்பியா? கெளம்பு."

"அம்மா, நீங்க வருத்தத்துல இருக்கீங்க..."

"வருத்தத்துலதான் இருக்கறேன். அதான் மரியாதையா சொல்றேன்."

கடைக்காரர் செருப்பைப் போட்டுக்கொண்டே என்னிடம் திரும்பி, "ஃபைல் இல்லன்னாலும் எங்கிட்ட ஒரு பெட்டி இருக்கு சார். துண்டை ஸ்கேன் பண்ணிக்கலாம். உங்க சம்மதத்தோட செஞ்சா நல்லா இருக்குமேன்னு வந்தேன்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. கார் போய்விட்டது. படத்தில் அவர் போட்ட மாலை அப்படியே இருந்தது. அதை என்ன செய்வது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. அம்மாதான் கழற்றி மாட்டுக்குப் போட்டார்.

பூசை முடிந்த அடுத்த வாரம் பெட்டி வந்துவிட்டது. அந்தக் கடையிலிருந்து எந்தச் சரக்கும் அவ்வளவு வேகமாக வந்ததில்லை. எனக்கு ஒரு பிரதியை இலவசமாக அனுப்பியிருந்தார்கள். ரமேஷ் அண்ணன் அதைக் கொண்டுவந்து, மூடியில் இருந்த முகத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துகூட வாங்காமல் வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மூடியில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் யாரோ எடுத்த படம், குழுவிலிருந்து எடுத்திருக்கிறார்கள். கீழே, 'ஒரு கலைஞருக்கு அஞ்சலி.' உள்ளே செய்முறைத் தாள். பருப்பு வேகும் நேரம் அப்படியே இருந்தது. 'நீங்கள் தப்பாக ஒட்டவில்லை' என்ற வரி இல்லை. விலாக்களை வெளியே எடுத்தேன். இடது துண்டுகளில் 'இ' இருந்தது. வலது துண்டுகளிலும் 'இ'தான் இருந்தது, கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பிய 'இ.' வடிவத்தைத் திருப்பிப் போட்டபோது எழுத்தும் சேர்ந்து திரும்பிவிட்டது. வெட்டியவர், அடுக்கியவர், பெட்டியை மூடியவர் என்று ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை. அஞ்சலி செலுத்துகிற அவசரம்.

நம் குழுவில் அன்றைக்கே படங்கள் வர ஆரம்பித்துவிட்டன. 'இப்போது அருமையாக இருக்கிறது.' 'அப்பாடா, நேராகிவிட்டது.' 'மேடத்தின் ஆன்மா சாந்தி அடையும்.' மருத்துவமனையில் என் கையில் இருந்த அவள் கைபேசிக்கு, தயாரிப்பில் கோளாறா என்று கேட்டு எழுதியவர், 'பிழை திருத்தி வெளியிட்ட குடும்பத்தினருக்கு நன்றி' என்று எனக்கே அனுப்பினார்.

நன்றி எனக்கு வேண்டாம். நாங்கள் திருத்தவில்லை. திருத்த அங்கே பிழை இல்லை. அந்தப் பெட்டியின் மேல் இருப்பது ஜெசிந்தாவின் முகம். உள்ளே இருப்பது அவள் அளந்த படகு இல்லை. அவள் ஒரு பக்கத்தை அளந்தாள், பிறகு எதிர்ப்பக்கம் போய் அதையும் அளந்தாள். அவளைப் பற்றி ஒரே ஒரு விஷயம் எழுத வேண்டுமென்றால் நான் எழுதுவது இதுதான். இதை எடுத்துவிட்டு அவள் பெயரை மட்டும் வைத்துக்கொள்வதற்கு அஞ்சலி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

வழக்குப் போடச் சொன்னார்கள். எனக்கு அதற்குச் சக்தி இல்லை. கடையிடம் பெட்டிகளைத் திரும்பப் பெறச் சொல்லிக் கேட்டேன். பதில் இல்லை. பிறகு ஒரு நாள் காலையில் முன்னறையைத் திறந்தேன். அவள் போன பிறகு அந்த அறையில் நான் உட்காரவே இல்லை. இயந்திரத்தின் லென்சைத் துடைத்தேன். சோதனைக்கு ஒரு துண்டு வெட்டி அளந்தேன். கதிர் தின்னும் அகலம் கொஞ்சம் கூடியிருந்தது. அதைச் சரிசெய்துவிட்டு, அவளுடைய கோப்பைத் திறந்து, 'வ' என்று பொறித்த துண்டுகளை மட்டும் தேர்ந்தெடுத்து வெட்ட ஆரம்பித்தேன்.

நினைவுப் பதிப்பை வாங்கியவர்கள் குழுவில் எனக்கு எழுதுங்கள். வலது பக்க விலாக்கள் முழுவதையும், அவள் எழுதிய அந்த ஒரு வரியையும் ஒரு உறையில் போட்டு அனுப்புகிறேன். ஏற்கெனவே கட்டி முடித்தவர்கள் அந்தப் பக்கத்தைப் பிரித்து மறுபடி ஒட்ட வேண்டியிருக்கும். சிரமம்தான். விருப்பம் இல்லாதவர்கள் விட்டுவிடலாம். ஆனால் உங்கள் அலமாரியில் இருப்பதை ஜெசிந்தாவின் படகு என்று வந்தவர்களிடம் காட்டாதீர்கள்.

இதுவரை கொஞ்சம் பேர்தான் எழுதியிருக்கிறார்கள். உப்புத்தாளால் தேய்த்த அந்தப் பெரியவர் அதில் ஒருவர். 'தேய்த்தது என்னால் திரும்பி வராது, புதிதாகக் கொடுங்கள்' என்று மட்டும் எழுதியிருந்தார்.

நேற்று வேலை விட்டு வந்து முதல் உறைகளைக் கட்டினோம். அம்மா தரையில் உட்கார்ந்து துண்டுகளைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். ஒரு கட்டை முடித்துவிட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாடா வேலு, எல்லாம் பாதி பாதியா இருக்குது?"

"மீதி அவங்ககிட்ட இருக்குதும்மா."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அடுத்த தாளை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார்.

கிளம்புகிறவர்களைப் பார்த்து எங்கள் வீட்டில் 'போ' என்று யாரும் சொல்ல மாட்டோம். கடைக்குப் போனாலும் 'போய்ட்டு வா' என்றுதான் சொல்வோம். கல்லறையிலும் எல்லாரும் அதையே சொன்னார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அந்தப் பொய் வரவில்லை, இப்போதும் வரவில்லை.

வலது பக்கம் நீ அளந்தபடியே போகிறது, ஜெசி. நீ போ.